எந்தச் சொல்லும் தொடங்காத எழுத்து

1

பௌசியா மௌத்தாகி ஒரு வருடமானதும் ஊரில் என் நானா அவளுக்காகக் குர்ஆன் கத்தம் ஓதிச் சோறு கொடுத்தார். நானா என்றால் என் மூத்த சகோதரர். இலங்கையில், கல்பிட்டியில் மணல் தோட்டத்தில் மிளகாயும் வெங்காயமும் போடுகிறவர். பௌசியா என் மனைவி, போன வருடம் இறந்தவள். கத்தம் முடிந்த கையோடு நானா எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"தம்பி, எல்லாம் நல்லபடியா முடிஞ்சிச்சி. ஆனா சனம் ஒரே கேள்விதான் கேக்குது. பொஞ்சாதிட மையத்தத்தான் அந்நிய மண்ணுல போட்டுட்டான், இன்னம் அங்க கிடந்து இவன் என்னத்தப் பண்ணுறான் எண்டு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் என்னத்தச் சொல்ல? உன்ட வீடு முடிஞ்சிரிச்சி. கூரையும் போட்டாச்சி, கிணத்துல தண்ணியும் நல்ல தண்ணி. நீ வந்து சேரு. அவ்வளவுதான்."

வருகிறேன் என்று சொன்னேன். உண்மையாகத்தான் சொன்னேன். மகனிடம் மட்டும் இன்னும் சொல்லியிருக்கவில்லை. அந்த வாரமே இரண்டு பேரும் பௌசியாவை அடக்கின கபுறைப் பார்க்கப் போவதாக இருந்தோம். வழியில் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஊரில் கேட்கிறவர்களுக்கு ஒரு பதில் எழுத வேண்டும் என்றுதான் இதைத் தொடங்கினேன். ஆனால் அந்தப் பதிலைச் சொல்வதற்கு முதலில் ஜப்பான்காரர்களின் ஓர் எழுத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

டோக்கியோவுக்கு வடக்கே, வயல்களுக்கு நடுவே தகரவேலி போட்ட ஒரு யாட்டில் எனக்கு வேலை. பழைய வாகனங்களை ஏலத்தில் எடுத்துக் கப்பலில் ஏற்றுகிற இடம். புத்தளம் வீதியில் ஓடுகிற வான்களில் சில என் கையால் துடைக்கப்பட்டவையாகவும் இருக்கலாம். ஒரு வாகனம் நாட்டை விட்டுப் போகுமுன் அதன் இலக்கத் தகடுகளைக் கழற்றி அரசாங்கத்திடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். பின்பக்கத் தகட்டின் ஓர் ஆணியின் மேல் முத்திரை போட்ட சின்ன மூடி இருக்கும். அதைக் குத்தி உடைத்துத்தான் ஆணியைக் கழற்றலாம். வந்த நாள் முதல் எனக்குக் கொடுத்த வேலை அதுதான்.

ஒவ்வொரு தகட்டிலும் இலக்கத்துக்குப் பக்கத்தில் ஒரேயொரு எழுத்து இருக்கும். ஹிரகானா என்று சொல்கிற, சின்னப் பிள்ளைகள் முதலில் படிக்கிற எழுத்து. நான் அந்தத் தகடுகளில்தான் ஜப்பான் எழுத்துப் படித்தேன். கழற்றும்போது பக்கத்தில் நிற்கிறவனிடம் "இது என்ன?" என்று கேட்பேன். "ச" என்பான். மத்தியானச் சோற்றுக்கு முன்னர் இன்னொன்று. வகுப்புக்குப் போகவில்லை, புத்தகம் வாங்கவில்லை. கொஞ்ச நாளில் வீதியில் போகிற கார்களையெல்லாம் வாய்விட்டு வாசிக்கத் தொடங்கிவிட்டேன். பௌசியா பக்கத்தில் இருந்து தலையில் அடித்துக்கொள்வாள்.

எனக்குத் தெரியாமல் போனது ஒன்று. நான்கு எழுத்துகளைத் தகட்டில் போடுவதே இல்லையாம். மூன்றைக் கடைப் பலகைகளில் பார்த்து எப்படியோ பிடித்துக்கொண்டேன். நான்காவது ん. பார்த்தால் ஆங்கிலத்தில் சாய்த்து எழுதின சின்ன எச் மாதிரியே இருக்கும். நானும் எச் என்றே நினைத்தேன். நூடில்ஸ் கடை வாசலில் துணியில் "உதோ" என்று எழுதி, முடிவில் ஓர் எச்சைத் தொங்கவிட்டிருப்பார்கள். நாகரிகத்துக்கு ஓர் ஆங்கில எழுத்தைச் சேர்த்துக்கொள்கிறார்கள் போலும் என்று வருடக்கணக்காக நம்பினேன். ஒருவரிடமும் கேட்கவில்லை. எழுத்தெல்லாம் முடித்துவிட்டேன் என்ற தலைக்கனம்தான்.

அது எழுத்துத்தான் என்று எனக்குச் சொல்லித்தந்தவன் ஆதில், என் மகன். பாலர் பாடசாலைக்குப் போய்க்கொண்டிருந்தான். சுவரில் தொங்கின அட்டவணையில் கடைசி மூலையில் தனியாக நின்றதைக் காட்டி, "வாப்பா, இது ன்" என்றான். வாயைத் திறக்காமலே சொன்னான். "இதுல ஒரு சொல்லும் தொடங்காது. அதனால கடைசி."

தமிழிலும் ன் என்று ஒரு சொல்லும் தொடங்குவதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதுவும் கடைசியில்தான் நிற்கிறது. அன்றைக்கு முழுக்க அந்த எழுத்தின் மேல் எனக்கு ஒரு சொந்தம் வந்துவிட்டது.

3

அவன் படித்துவந்த விளையாட்டுக்கு ஷிரிதொரி என்று பெயர். ஒருவர் ஒரு சொல் சொன்னால், அதன் கடைசி ஓசையில் தொடங்கும் சொல்லை அடுத்தவர் சொல்ல வேண்டும். அப்படியே போய்க்கொண்டிருக்கும். யார் ன் என்று முடிகிற சொல்லைச் சொல்கிறாரோ அவர் தோற்றார். அந்த எழுத்தில் அடுத்தவர் தொடங்க வழியில்லையே. விளையாட்டு அந்த இடத்திலேயே செத்துப்போகும்.

வெள்ளிக்கிழமைகளில் பள்ளிக்குப் போகிற வழியெல்லாம் இந்த விளையாட்டுத்தான். பள்ளி என்றால், மூடிக்கிடந்த ஒரு பலசரக்குக் கடையை வாங்கித் தொழுகை இடமாக்கியது. போக வெகு நேரம் பிடிக்கும். பௌசியாவுக்கு ஜப்பான் சொல் அதிகம் தெரியாது. அதனால் ஆதில் பெரிய மனது பண்ணி ஒரு சலுகை கொடுத்தான்: உம்மா மட்டும் தமிழில் சொல்லலாம். பழம் என்றால் அதை "பழமு" ஆக்கிக்கொண்டு அவன் மு என்று தொடர்வான். ஆனால் ன் வந்தால் மன்னிப்பே கிடையாது.

நம்முடைய பாஷையின் பாதிச் சொற்கள் அந்த எழுத்தில் போய்த்தான் முட்டுகின்றன என்பது பாவம் பௌசியாவுக்குத் தெரிந்திருக்கவில்லை. மீன் என்பாள், தோற்பாள். தேன், மான், மச்சான், வான். கடையில் வாங்குகிற ரொட்டியைப் பாண் என்போம், அதையும் அவன் விடவில்லை.

"பாண் எப்பிடி மகன் தோக்கும்? அது மூணு சுழி!"

"எல்லாம் ன்தான். உம்மா தோத்துட்டா!"

பிறகு அவளுடைய பேச்சிலேயே கண் வைத்தான். எங்கள் பக்கத்தில் பிள்ளையைப் பெயர் சொல்லி யார் கூப்பிடுகிறார்கள்? மகன் என்றுதான் கூப்பிடுவோம். அவள் அடுப்படியில் இருந்து "மகன்!" என்று கூப்பிட்டாலே போதும், அறைக்குள் இருந்து "உம்மா தோத்துட்டா!" என்று சத்தம் வரும். விளையாட்டே நடக்காத நேரத்திலும் அப்படித்தான். அவள் ஒரு நாளைக்குப் பல தடவை தோற்றாள்.

ஒரு தடவை எங்கள் வானில் போகும்போது அவளுக்கு ம வந்தது. யோசித்துப் பார்த்துவிட்டு "மகன்" என்றாள். பின்சீட்டில் அவன் குதித்தான். இறங்கினதும் நான் மெதுவாகச் சொன்னேன், மாங்கா எண்டு சொல்லியிருக்கலாமே, மல்லி எண்டு சொல்லியிருக்கலாமே என்று.

"ஏன், எனக்குத் தெரியாதா? கறிக்குப் போடுற மல்லி மறந்துபோகுமா?" என்றாள். "அவன்ட மொகத்தப் பாத்தீங்களா? அதுக்குத்தான்."

4

ஆதிலுக்கு எட்டு வயது இருக்கும்போது ஊருக்குப் போனோம். தில்லையடியில் என் மச்சியின் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் பூ வைத்துச் சோடித்த வெள்ளை வானில் வந்து இறங்கினார்கள். கதவில் ஜப்பான் எழுத்து. ஊரில் அதைச் சுரண்ட மாட்டார்கள், தெரியும்தானே. ஜப்பானில் இருந்து நேரே வந்த வண்டி என்பதற்கு அதுதான் அத்தாட்சி. விற்கும்போது விலை பேசுவதும் அதை வைத்துத்தான். கூட்டத்துக்கு நடுவில் நின்று ஆதில் உரக்க வாசித்தான். "தோஃபு! வாப்பா, இது தோஃபு விக்கிற வான்!" தோஃபு என்றால் சோயாப்பாலில் செய்கிற கட்டி.

மாப்பிள்ளையின் வாப்பா, அதென்ன பெரிய கொம்பனியா என்று என்னைக் கேட்டார். பெரியதுதான் என்றேன். பௌசியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "பேசாம இருங்க மகன்" என்றாள். அவன் திரும்பி, அத்தனை சனத்துக்கு முன்னாலும், "உம்மா தோத்துட்டா!" என்றான். யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. நாங்கள் மூன்று பேர் மட்டும் சிரித்தோம். நினைத்துப் பார்த்தால் நாங்கள் ஒரு குடும்பமாகச் சிரித்த சிரிப்பில் அதுதான் பெரியது.

கல்யாணம் முடிந்து கரைத்தீவுக்குப் போனோம். பௌசியா வளர்ந்த இடம் அது. பிறந்தது வடக்கே, மன்னார்ப் பக்கம். சின்னப் பிள்ளையாக இருக்கும்போது, யுத்த காலத்தில், முஸ்லிம்களையெல்லாம் ஊரோடு வெளியேறச் சொன்னார்கள். படகில் வந்து கல்பிட்டிக் கரையில் இறங்கி, கரைத்தீவில் கிடுகுக் கொட்டிலில் இருந்தார்கள். கொஞ்ச நாளைக்கு என்றுதான் வந்தார்களாம். அவளுடைய வாப்பா அதற்கு முன்னமே மௌத்தாகி அங்கே அடங்கியிருந்தார். கபுறு அங்கே, பெண்சாதி இங்கே. பௌசியாவின் உம்மா பின்னேரங்களில் களப்புக் கரையில் நின்று வடக்கே பார்த்து ஸலாம் சொல்லுவாவாம். பாதை திறந்து போய்ப் பார்த்தபோது மையவாடியில் காடு மண்டிக் கிடந்தது. எது யாருடைய கபுறு என்று யாராலும் காட்ட முடியவில்லை. அந்த உம்மாவும் பிறகு கரைத்தீவிலேயே அடங்கினா.

பௌசியா தன் உம்மாவின் கபுறடியில் நின்று துஆக் கேட்டாள். ஆதில் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். வரும் வழியில், "உம்மா வேற இடத்துல, வாப்பா வேற இடத்துல" என்று மட்டும் சொன்னாள். வீதிக்குக் குறுக்கே கழுதைகள் நின்றன, வண்டி நின்றது.

5

பிள்ளைகள் கைநழுவிப் போவது ஒரு நாளில் நடப்பதில்லை. ஆதில் முதலில் தமிழில் பதில் சொல்வதை விட்டான். நாங்கள் தமிழில் கேட்போம், அவன் ஜப்பான் பாஷையில் சொல்வான். பிறகு அதுவும் சுருங்கியது. சாப்பிட்டியா மகன்? "ன்." பரீட்சை நல்லமா? "ன்." இங்கே இளசுகள் ஓம், ஆமாம் என்பதற்கும், என்ன என்பதற்கும், சும்மா விடு என்பதற்கும் அப்படி ஒரு முனகல் முனகுவார்கள். அவன் தோத்துட்டா என்று சொல்வதையும் எப்போதோ நிறுத்திவிட்டிருந்தான்.

"கூப்பிட்டா ஒரு எழுத்துதான் வருது" என்று பௌசியா குறைப்படுவாள். "அதுவும் அந்தக் கடைசி எழுத்து."

படிப்பு முடிந்து நகோயாவில் லிஃப்ட் திருத்துகிற வேலைக்குப் போனான். பௌசியாவுக்கு வருத்தம் வந்தது அதற்குப் பிறகு. வயிற்றில் தொடங்கின புற்று ஈரலுக்குப் போய்விட்டது. ஆதில் லீவு எடுத்துக்கொண்டு வந்து அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். நான் பின்சீட்டில். ஒரு நாள் அப்படிப் போகும்போதுதான் அவள் சொன்னாள், ஏதோ மாலையில் என்ன சமைப்பது என்று சொல்வது மாதிரி.

"எனக்கு ஏதும் ஆனா ஊருக்குக் கொண்டு போகாதீங்க. எங்க மௌத்தாகுறனோ அங்கயே அடக்குங்க."

"விசர்க்கத கதைக்காத" என்றேன்.

"இல்ல. கேளுங்க. சின்ன வயசுல தூக்கிட்டு ஓடி வந்தாங்க. பொறகு நீங்க இங்க கூட்டி வந்தீங்க. இனி என்னைய இன்னொருக்கா இடம் பெயர்க்காதீங்க. மகன் வந்து பாக்கிற தூரத்துல கிடந்தாப் போதும்."

ஆதிலுக்கு அவ்வளவு தமிழ் விளங்குமா என்று எனக்குச் சந்தேகம். அவன் வீதியையே பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தான்.

விளங்கியிருக்கிறது. அவள் கண்ணை மூடின அன்று ஊரில் இருந்து நானா விடாமல் தொலைபேசி எடுத்துக்கொண்டிருந்தார், பெட்டியில் வைத்து அனுப்பலாம், தூதரகத்தில் கதைக்கலாம் என்று. எனக்கும் மனசு அந்தப் பக்கம்தான். கல்பிட்டி மண்ணில் அவளை வைத்தால், நானும் போய், அவளுக்குப் பக்கத்தில் இருந்து, ஒரு நாள் அதே மணலில் படுத்துக்கொள்ளலாம். எனக்கு வேறென்ன வேண்டும்? இங்கே நகரசபைக் கந்தோரில் மௌத்தைப் பதியப் போய்க் கதிரையில் அமர்ந்திருந்த எனக்கு விண்ணப்பத்தில் ஓர் எழுத்தும் ஓடவில்லை. அதெல்லாம் ஹிரகானா இல்லை, ஜப்பான்காரர்கள் சீனத்தில் இருந்து எடுத்த எழுத்து. இலக்கத் தகடு படித்தவனுக்கு அங்கே இடமில்லை.

கதைத்தவன் ஆதில்தான். இந்த நாட்டில் எல்லாரையும் எரிக்கிறார்கள். அந்த மேசையில் இருந்த மனிதர் மரியாதையாகத் தலைகுனிந்து, வழக்கம் போல எரிப்பதற்கான அனுமதியை எடுத்து வைத்தார். அடக்க வேண்டும் என்று ஆதில் சொன்னதும் திகைத்துப்போனார். தன் வாழ்நாளில் அப்படி ஒன்று எழுதிக் கொடுத்ததில்லை போலும். உள்ளே போனார், வந்தார், யாரிடமோ கேட்டார், மறுபடியும் வந்து மன்னிப்புக் கேட்டார். ஊருக்கு அனுப்புவதாக இருந்தால் வேறு வழி என்றார். ஆதில் என்னைப் பார்க்காமலே சொன்னான். ஜப்பான் பாஷையில்தான் சொன்னான், எனக்கு அந்த அளவு விளங்கும்.

"இல்லை. அம்மா இங்கே இருக்க விரும்பினார்."

நான் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை.

பள்ளியில் பாகிஸ்தான்காரப் பெண்களும் இந்தோனேசியாக்காரப் பெண்களும் சேர்ந்து அவளைக் குளிப்பாட்டினார்கள். ஒருவருக்கும் அவளுடைய பாஷை தெரியாது. மையவாடி வெகுதூரத்தில், மலைச்சரிவில். கல்பிட்டியில் ஒரு மண்வெட்டியை வைத்தால் மணல் தானாக வழிவிடும். இங்கே கல்லும் வேரும். ஆதில் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுத் தானும் இறங்கி வெட்டினான்.

6

இனி, நாங்கள் கபுறைப் பார்க்கப் போன அந்த நாள். ஆதில் நகோயாவில் இருந்து முதல் நாளே வந்திருந்தான். காலையில் நான் பாணும் முட்டையும் செய்து கொடுத்தேன். "நல்லமா?" என்றேன். "ன்" என்றான்.

கபுறுக்குத் தலைமாட்டில் ஒரு கல். அதில் அவளுடைய பெயரை ஜப்பான் எழுத்தில் அவனும் தமிழில் நானுமாக எழுதிக் கொடுத்து வெட்டுவித்தோம். புல் வெட்டப்பட்டிருந்தது, சுற்றி இலைகள் இல்லை. யாரோ அடிக்கடி வருகிறார்கள். பராமரிக்கிற கிழவரைக் கண்டு நன்றி சொன்னேன். அவர் கையை ஆட்டி மறுத்து ஆதிலைக் காட்டினார். மாதம் தவறாமல் வருகிறானாம். நகோயாவில் இருந்து எவ்வளவு தூரம் தெரியுமா? என்னிடம் ஒரு சொல் சொன்னதில்லை.

யாசீன் ஓதினேன். அவன் தனக்குத் தெரிந்த அளவு ஓதினான். அவளுக்குப் பக்கத்தில் வெறும் நிலம் கிடந்தது. அதைப் பார்க்காமல் இருக்கத்தான் முயன்றேன்.

திரும்பும்போது அவன்தான் ஓட்டினான். நான் ஊருக்குப் போகப் போகிறேன் என்று சொல்ல வேண்டும். அதற்கு வசனத்தை அடுக்கி வைத்திருந்தேன். வீடு முடிந்துவிட்டது, நானாவுக்கும் வயது போய்விட்டது, நீ வருடம் ஒரு தடவை வந்து போகலாம். மலை இறங்கினதும் தொடங்கலாம் என்றிருந்தேன். முன்னால் போன காரின் இலக்கத் தகட்டில் இருந்த எழுத்தை என்னையறியாமல் வாய்விட்டு வாசித்திருக்கிறேன் போலும்.

"ஷிரிதொரி" என்றான் அவன், திடீரென்று.

விளையாட்டைத் தொடங்குகிறவர்கள் அந்தப் பெயரையே முதற்சொல்லாகச் சொல்வது வழக்கம். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு. எனக்கு வந்தது ரி.

"ரிங்கோ" என்றேன். ஆப்பிள். கோ.

"கோமா" என்றான். எள்.

எனக்கு ம. ஜன்னல், அவரை, தலையணை, எல்லாமே ஜப்பான் பாஷையில் ம என்றுதான் தொடங்கும். யாட்டில் வேலை செய்கிறவனுக்கு மோட்டார் வாகனச் சொல்லே ஒரு கூடை தெரியும். ஒன்றையும் நான் சொல்லவில்லை.

"மகன்" என்றேன்.

தோத்துட்டீங்க என்று சொல்வான் என்று பார்த்தேன். சொல்லவில்லை. பாதையில் இருந்து கண்ணை எடுக்காமல், அவள் அடுப்படியில் இருந்து கூப்பிடும்போது பதில் சொல்கிற மாதிரி, மெதுவாக, "ன்?" என்றான்.

கூப்பிட்டால் என்ன என்று கேட்கிறானே, அந்த ன். அடுக்கி வைத்திருந்தது அத்தனையும் எங்கேயோ போய்விட்டது. இவ்வளவு நாளும் அவளுக்கு இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான், நாங்கள்தான் குறைப்பட்டுக்கொண்டிருந்தோம். நான் போய்விட்டால் இவனை இந்தச் சொல்லால் கூப்பிட இந்த நாட்டில் ஓர் ஆள் இல்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். அவன் பார்த்திருப்பான்.

"ஒண்டுமில்ல மகன்" என்றேன். "பசிக்குதா?"

"ன்" என்றான்.

நானா, இதை யாராவது உங்களுக்கு வாசித்துக் காட்டுவார்கள். கோபிக்க வேண்டாம். வருகிறேன் என்று சொன்னது பொய்யில்லை, அன்றைக்கு அதுதான் மனசில் இருந்தது. வீட்டைப் பூட்டி வைக்காதீர்கள், கல்பிட்டி உப்புக்காற்றுக்குப் பூட்டின வீடு நிலைக்காது. உங்கள் சின்ன மகளைக் குடியிருக்கச் சொல்லுங்கள். மையவாடியில் எனக்கென்று இடம் ஏதும் பார்த்து வைத்திருந்தால் அதையும் வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.